காட்டான் காற்றான கதை

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். விடுதி நடத்தும் நடுவயதுப் பெண்மணி ஒருவர். நல்ல உயரம், அகன்ற தோள். மாடிப்படியில் ஏறினால் கீழ்வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அவரை அறிமுகப்படுத்தும்போது ஆசிரியர், ‘அவள் ஒன்றும் சில்ஃப் அல்ல’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த இடத்தில் ஒரு புன்னகை வரும். ‘சில்ஃப்’ என்றால் ஒல்லியான, ஒயிலான, தரையில் கால் பாவாத பெண் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

‘அவள் ஒன்றும் கொடியிடையாள் அல்ல’ என்று எழுதிவிட்டு நானும் நகர்ந்திருக்கலாம். பொருளில் பிழை இருக்காது. ஆனால் கொடி மண்ணில் வேர்விட்டது. சில்ஃப் என்பதோ காற்றில் வாழ்வதாகச் சொல்லப்படும் ஓர் இனம். காற்றை மண்ணாக்க மனம் வரவில்லை. சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம் என்று தேடப் போனேன். தேடிக் கண்டடைந்த ஆள் ஒல்லியாகவும் இல்லை, பெண்ணாகவும் இல்லை, ஒயிலாக நிச்சயமாக இல்லை. நம் ஊரில் முரட்டு ஆளைத் திட்டுவோமே, ‘காட்டான்’ என்று, கிட்டத்தட்ட அந்தச் சொல்தான் சில்ஃபின் மூதாதை.

தேடினால் எல்லா அகராதிகளும் ஒரே மனிதரின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. தியோஃப்ராஸ்டஸ் ஃபான் ஹோஹென்ஹைம் என்பது அவருடைய இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் பாராசெல்சஸ். 1493 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்னில் பிறந்தவர். தந்தை மருத்துவர். சிறுவயதிலேயே குடும்பம் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் சுரங்கங்கள், உலைகள், மலைக்காடுகள். பின்னாளில் இவரும் மருத்துவரானார், ஆனால் மருத்துவர்களுக்குப் பிடிக்காத மருத்துவர். 1527இல் பாசெல் நகரத்தில் பணியில் அமர்ந்ததும், இலத்தீனில் நடத்த வேண்டிய பாடத்தை ஜெர்மன் மொழியில் நடத்தினார். அந்தக் காலத்து மருத்துவக் கல்வியின் வேதமாக இருந்த அவிசென்னாவின் நூலைத் திருவிழாத் தீயில் தூக்கிப் போட்டார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. அடுத்த ஆண்டே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மீதி வாழ்க்கை பெரும்பாலும் நாடோடியாகவே கழிந்தது. 1541இல் சால்ஸ்பர்க்கில் இறந்தார்.

அவர் எழுதிவைத்த ஒரு சிறுநூல், இறந்து 25 ஆண்டுகள் கழித்து 1566இல் அச்சேறியது. நீரில் நிம்ஃபுகள், காற்றில் சில்ஃபுகள், மண்ணில் பிக்மிகள், நெருப்பில் சாலமாண்டர்கள் என நால்வகை இனங்களைப் பற்றிய நூல் அது. உலகம் நான்கு பூதங்களால் ஆனது என்ற கணக்கு கிரேக்கத்தில் எம்பெடோக்ளிஸ் காலத்திலிருந்து வருகிறது. நமக்கு ஐந்து, அவர்களுக்கு நான்கு. ஒவ்வொரு பூதத்திலும் ஒரு குடி இருக்க வேண்டும், கடவுள் எதையும் காலியாக விடமாட்டார் என்பது பாராசெல்சஸின் வாதம். அரசவை நடைமுறைகளையும் வாள்வீச்சையும் பற்றி எழுதுவதைவிட இந்த இனங்களைப் பற்றி எழுதுவது மேலானது என்று முன்னுரையிலேயே ஒரு குத்து வைக்கிறார்.

இதில் இருக்கும் துணிச்சல் இன்று எளிதில் புலப்படாது. கிறித்தவ ஐரோப்பாவில் காற்று நல்ல இடம் அல்ல. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு எபேசியர் நிருபத்தில் வரும் ‘ஆகாயத்து அதிகாரப் பிரபு’ என்ற தொடர் நினைவிருக்கும். அந்தப் பிரபு சாத்தான். வானுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள வெளி பேய்களின் வட்டாரம் என்றே நூற்றாண்டுக் கணக்காகப் போதிக்கப்பட்டு வந்தது. பாராசெல்சஸ் அங்கே பேய்களுக்குப் பதிலாக ஒரு குடிமக்களைக் கொண்டுபோய் வைக்கிறார். அவர்கள் உண்கிறார்கள், உடுத்துகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், நோயில் விழுகிறார்கள், சாகிறார்கள். சதையும் இரத்தமும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று, ஆன்மா. மனிதனை மணந்துகொண்டால் அதுவும் கிடைத்துவிடும். ஆன்மாவுக்காக மனிதனை மணக்கும் நீர்ப்பெண்ணின் கதைகள் பின்னால் ஐரோப்பாவில் பெருகியதற்கு இந்த ஒரு விதி போதுமானதாக இருந்தது.

அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்பதற்கும் விடை வைத்திருக்கிறார். மீனுக்கு நீர் எப்படியோ, நமக்குக் காற்று எப்படியோ, அப்படி ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் ஊடகம். மலைவாசிக்கு, அதாவது மண்ணில் வாழும் பிக்மிக்கு, பாறையே காற்று. நாம் தெருவில் நடப்பதுபோல் அவன் கற்பாறைக்குள் நடந்து போவான். இந்த ஊடகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘காயோஸ்’. கிரேக்கத்தில் படைப்புக்கு முந்தைய வெறுவெளியைக் குறித்த சொல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

காற்றுவாசிகள் வாழும் ஊடகம் நம்முடையதே. ஆகவே நான்கு இனங்களில் நமக்கு மிக நெருங்கியவர்கள் அவர்கள்தான் என்கிறார். நம்மைப் போலவே நீரில் மூழ்கினால் சாவார்கள், மண்ணில் புதைந்தால் மூச்சு முட்டுவார்கள், தீயில் எரிவார்கள். சரி, ஆள் எப்படி இருப்பார்? நீர்வாசிகள் நம்மைப் போலவே இருப்பார்களாம். மலைவாசிகள் இரண்டு சாண் உயரம். நெருப்புவாசிகள் நீண்டு மெலிந்தவர்கள். காற்றுவாசிகளோ கரடுமுரடானவர்கள், நெடியவர்கள், வலுவானவர்கள்.

இந்த இடத்தை வாசித்தபோது விடுதி நடத்தும் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். நால்வரில் ஒல்லியானது சாலமாண்டர்தான். ‘அவள் ஒன்றும் சாலமாண்டர் அல்ல’ என்று எழுதியிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

கரடுமுரடுக்குக் காரணம் பெயரிலேயே இருக்கிறது. காற்றுவாசிகளுக்குப் பாராசெல்சஸ் தரும் இன்னொரு பெயர் ‘சில்வெஸ்திரெஸ்’. இலத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு. சில்வெஸ்திரெஸ் என்றால் காட்டைச் சேர்ந்தவர்கள். ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் உடலெல்லாம் மயிரும் கையில் பிடுங்கிய மரமுமாக உலவும் ‘காட்டு மனிதன்’ பற்றிய நம்பிக்கை பழையது. தேவாலயச் சிற்பங்களிலும் குடும்பச் சின்னங்களிலும்கூட அவனைப் பார்க்கலாம். மலைநாட்டில் வளர்ந்த பாராசெல்சஸுக்குக் காற்றில் வாழும் குடி என்றதும் அவன்தான் தோன்றியிருக்க வேண்டும். நீரும் மண்ணும் நெருப்பும் அல்லாத திறந்தவெளியில், மரங்களின் நடுவே திரிபவன் அவன். ஆக அவருக்குக் காற்றுவாசி என்றால் பறப்பவன் அல்ல, வெளியில் வாழ்பவன்.

சில்வெஸ்திரெஸ் எப்படிச் சில்ஃப் ஆயிற்று? பலரும் ஏற்கும் ஊகம், காட்டைக் குறிக்கும் சில்வாவும் கன்னித் தேவதையைக் குறிக்கும் நிம்ஃபும் ஒட்டிப் பிறந்த சொல் என்பது. கிரேக்கத்தில் ‘சில்ஃபே’ என்று ஒரு பூச்சியின் பெயர் உண்டு, கரப்பான் வகையறா. பிணந்தின்னி வண்டுகளின் குடும்பத்துக்கு விலங்கியலில் இன்றும் அதை ஒட்டிய பெயர்தான். அதிலிருந்து வந்தது என்பாரும் உளர். மெல்லிடையாளைக் கரப்பான்பூச்சியோடு இணைக்கும் இந்தக் கருத்துக்கு அதிக ஆதரவில்லை, ஆனால் ரசிக்கத்தக்கது. பண்டைப் பிரான்சில் பேசப்பட்ட கோல் மொழியின் வேரைக் காட்டும் பிரெஞ்சு அறிஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் ஊகம் போதும். பாராசெல்சஸ் சொல்லாக்கத்தில் கூச்சம் இல்லாத மனிதர். ஆனால் ஒரு விசித்திரம்: நான்கு இனங்களின் பெயர்களையும் பட்டியலிட்டுவிட்டு, இவை நல்ல பெயர்கள் அல்ல, அவர்களைப் புரிந்துகொள்ளாதவர்கள் வைத்தவை, இருந்தாலும் பயன்படுத்துகிறேன் என்கிறார். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, யாருடையதோ தெரியவில்லை என்று சொல்லும் தகப்பன்.

சில்வா என்ற வேர் நமக்கு அந்நியமும் அல்ல. போர்த்துகீசியர் வழியே இலங்கைக்கு வந்து நிலைத்த டி சில்வா என்ற குடும்பப் பெயர் இதுவே. அரவிந்த டி சில்வா மட்டையைச் சுழற்றியபோது நாம் கைதட்டியது ஒரு காட்டின் பெயருக்கு. நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களின் சில்வெஸ்டர்களும் சில்வியாக்களும் அதே வேரில் முளைத்தவர்கள்தாம். பென்சில்வேனியா என்பது பென் குடும்பத்தாரின் காடு. ஆங்கிலத்தில் நாகரிகமற்றவன் என்று பொருள்படும் ‘சாவேஜ்’கூட பிரெஞ்சு வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான். காட்டில் வாழ்பவனை ஊரில் வாழ்பவன் இழிவாகப் பார்க்கும் பழக்கத்தில் இலத்தீனுக்கும் தமிழுக்கும் வேற்றுமை இல்லை போலும். வானத்திலும் ஒன்று உண்டு: 1866 மே மாதம், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘சில்வியா’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அதைச் சுற்றி இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது தெரியவந்தது. இரட்டை நிலவு கொண்ட சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது அதுதான்.

இனி காயோஸுக்கு வருகிறேன். பாராசெல்சஸின் வழியில் வந்தவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு வில்லோ மரச் சோதனை நினைவிருக்கலாம். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணின் எடை இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார்.

அதே மனிதர் இன்னொரு சோதனையில் 62 பவுண்டு மரக்கரியை எரித்து 1 பவுண்டு சாம்பல் மட்டும் மிஞ்சுவதைக் கண்டார். மீதி 61 பவுண்டு எங்கே போனது? கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றாக வெளியேறியிருக்கிறது. அதைப் பாத்திரத்தில் அடைக்கவும் முடியவில்லை. காட்டு விலங்குபோல் பிடிக்கு அடங்காத அதற்கு ‘ஸ்பிரிட்டுஸ் சில்வெஸ்திரிஸ்’ என்று பெயரிட்டார். இதுவரை அறியப்படாத இந்த ஆவிக்கு ஒரு புதுச் சொல் வேண்டும் என்று கருதி, ‘காயோஸ்’ என்பதைத் தன் ஊர் உச்சரிப்பில் ‘காஸ்’ என்று ஆக்கிக்கொண்டார். டச்சு மொழியில் முதலெழுத்தைத் தொண்டையிலிருந்து காறிச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவர் இறந்த பிறகு, 1648இல் மகன் வெளியிட்ட நூலின் வழியாக அந்தச் சொல் உலகுக்குப் போயிற்று. நம் வீட்டுச் சமையலறையில் தீர்ந்துபோகும் கேஸ் அதுதான்.

காட்டு ஆவி என்று அவர் அழைத்ததை இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். வில்லோ மரம் தன் கட்டையைக் கட்டிக்கொண்டது பெரும்பங்கு இந்த ஆவியிலிருந்துதான். ஒரு கையில் மரத்தையும் மறுகையில் காட்டுக் காற்றையும் வைத்துக்கொண்டு, ஒன்று மற்றதால் ஆனது என்பதைக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் வான் ஹெல்மான்ட். காற்றுக்குக் காட்டின் பெயரை வைத்ததில் மட்டும் குருவும் சீடரும் தற்செயலாகச் சரியாக இருந்தார்கள்.

வேதியியல் பக்கம் போன தம்பியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணனைப் பின்தொடரலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் சில்ஃப் என்ற சொல் இரசவாதிகளின் ஏடுகளுக்குள் கிடந்தது. அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது ஒரு நையாண்டி நூல். 1670இல் பாரிஸில் மோன்ஃபோகோன் த வில்லார் என்ற பாதிரியார் ‘கபாலிஸ் பிரபு’ என்ற கற்பனை மாந்தரை வைத்து உரையாடல்கள் சில எழுதினார். மறைஞானியாகிய பிரபு, கேட்பவனிடம் மானிடப் பெண்களைத் துறந்துவிட்டுக் காற்றுப் பெண் ஒருத்தியை மணந்துகொள் என்று உபதேசம் செய்கிறார். அவளுக்கு ஆன்மா கிடைக்கும், உனக்குப் புண்ணியம். அவர் வருணிக்கும் சில்ஃபுகள் பார்வைக்குச் சற்றே மிடுக்கானவர்கள், பழகினால் பணிவானவர்கள், அறிவு நூல்களில் நாட்டமுள்ளவர்கள், முட்டாள்களின் பகைவர்கள். அவர்களுடைய பெண்களோ வீராங்கனைகளைப்போல் ஆண்மை கலந்த அழகிகள். கவனியுங்கள், தோள் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. முரட்டுத்தனம் மட்டும் போய்விட்டது. காட்டான் பாரிஸுக்கு வந்து முடி திருத்திக்கொண்டுவிட்டான்.

மூன்று ஆண்டுகள் கழித்து லியோன் நகரத்துக்குப் போகும் சாலையில் வில்லார் கொலை செய்யப்பட்டார். தங்கள் இரகசியத்தை வெளியிட்டதற்காகச் சில்ஃபுகள் பழிவாங்கிவிட்டதாகச் சிலர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பிரெஞ்சு நையாண்டியை எடுத்துவைத்துக்கொண்டு சில்ஃபின் எடையை ஒரேயடியாகக் குறைத்தவர் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப். லண்டன் பிரபுக்கள் வட்டத்தில் ஓர் இளைஞர் ஆராபெல்லா ஃபெர்மர் என்ற பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை அனுமதியின்றி வெட்டிவிட்டார். இரண்டு குடும்பங்களும் முகம் திருப்பிக்கொண்டன. சிரித்துவிட்டு மறக்கட்டும் என்று, நண்பர் ஒருவரின் யோசனைப்படி போப் அந்தக் கூந்தல் திருட்டைக் காவியப் பாணியில் எழுதினார். 1712இல் வெளிவந்த முதல் வடிவத்தில் சில்ஃபுகளே கிடையாது. 1714இல் விரித்து எழுதியபோதுதான் வந்தன. காவியம் என்றால் தேவர்கள் வேண்டும் அல்லவா? ஹோமருக்கு ஒலிம்பஸ் தேவர்கள். ஒரு தலைமயிர்ச் சுருளுக்காக நடக்கும் போருக்கு அந்த அளவுக்கேற்ற தேவர்கள்.

போப் செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, அளவு. காதணியைக் காக்க ஒன்று, விசிறிக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, கூந்தல் சுருளுக்கு ஒன்று, பாவாடைக்கு மட்டும் ஐம்பது என்று காவல் நிற்கும் அளவுக்குச் சில்ஃபுகள் சிறுத்துப்போயின. இரண்டாவது, சாவு. கத்தரிக்கோலுக்கு நடுவே அகப்பட்ட ஒரு சில்ஃப் இரண்டு துண்டாகிறது, உடனே காற்றாக ஒட்டிக்கொள்கிறது. பாராசெல்சஸின் ஆளுக்குச் சதையும் சாவும் இருந்தன. இதற்கு இரண்டுமே இல்லை. மூன்றாவதுதான் பெரியது. போப்பின் சில்ஃபுகள் தனி இனமே அல்ல. இறந்துபோன பெண்களின் ஆவிகள் அவை. கோபக்காரிகள் நெருப்புக்குப் போய்ச் சாலமாண்டர் ஆகிறார்கள், இளகிய மனம் கொண்டவர்கள் நீருக்குப் போகிறார்கள், கடுகடுப்பான ஒழுக்கவாதிகள் மண்ணுக்குள் நோம் என்னும் மண்வாசிகள் ஆகிறார்கள், கண்வீச்சிலும் உடையலங்காரத்திலும் காலம் கழித்தவர்கள் காற்றில் சில்ஃப் ஆகிறார்கள். ஆன்மா இல்லாத உடலாகப் பிறந்த சொல் உடல் இல்லாத ஆன்மாவாக மாறிவிட்டது. இப்படித் தலைகீழான சொல்லை நான் அதிகம் பார்த்ததில்லை.

விரும்பிய பாலையும் உருவையும் எடுத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் போப் அவற்றுக்கு விட்டுவைத்தார். தலைமைச் சில்ஃபான ஏரியல் ஆண்தான். 1851இல் வில்லியம் லாசெல் கண்டுபிடித்த யுரேனஸ் நிலவுகள் இரண்டுக்கு ஏரியல், அம்ப்ரியல் என்று பெயர் வைத்தபோது இந்தக் கவிதையும் கைகொடுத்தது. அம்ப்ரியல் அதில் வரும் இருண்ட நோம். அந்த நிலவும் யுரேனஸின் பெரிய நிலவுகளில் மிக இருண்டதாக அமைந்தது நல்ல பொருத்தம்.

சில்ஃபை முழுக்கப் பெண்ணாக்கிய இரவு 1832 மார்ச் 12. பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீத்’ பாலே அரங்கேறியது. வடிவமைத்தவர் ஃபிலிப்போ தாலியோனி, சில்ஃபாக ஆடியவர் அவருடைய மகள் மரீ தாலியோனி. கதை ஸ்காட்லாந்தில் நடக்கிறது. கல்யாண நாள் காலையில் நாற்காலியில் தூங்கும் ஜேம்ஸை ஒரு காற்றுப் பெண் முத்தமிட்டு எழுப்புகிறாள். மணப்பெண்ணை விட்டுவிட்டு அவன் அவள் பின்னால் காட்டுக்குள் ஓடுகிறான். பிடித்துவைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, சூனியக்காரி தந்த மாயத் துகிலை அவள்மேல் போர்த்துகிறான். சிறகுகள் உதிர்கின்றன, அவள் இறந்துவிடுகிறாள். இரண்டாம் அங்கம் முழுக்கக் காட்டில் நிகழ்கிறது. காற்றுப் பெண்ணைக் காட்டுக்குள் கொண்டுபோனவர்கள் சொல்லின் வேரை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சில்ஃப் சொந்த ஊருக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறது.

தாலியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடினார். அன்றைய பாலே காலணியில் இன்றுபோல் கெட்டியான முனை கிடையாது. பட்டுக் காலணியின் நுனியில் நூலால் இழையோட்டித் தைத்திருப்பார்கள், அவ்வளவுதான். வெள்ளை மஸ்லின் பாவாடை, முதுகில் சிறு இறக்கை. விரல் நுனியில் நிற்பது அதுவரை ஒரு வித்தையாகவே இருந்தது. எடையில்லாத ஒருத்தி வேறு எப்படி நிற்பாள் என்று கேட்கும்படி அதைக் கதைக்குள் கொண்டுவந்தது இந்தப் பாலே. ரஷ்யாவில் இரசிகர்கள் அவருடைய காலணியை வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம் ஊர் நடிகர்களின் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்பவர்களைக் கேலி பேசும் முன் இதை யோசித்துக்கொள்ளலாம்.

அந்த மேடைக்கு ஒளி தந்தது வாயு விளக்கு. பாரிஸ் ஓப்பரா 1822இலேயே அதற்கு மாறியிருந்தது. மங்கலான நீல வெளிச்சத்தில் வெள்ளை மஸ்லின் மிதப்பதுபோல் தோன்றியதென்றால், பாதிப் பெருமை காயோஸிலிருந்து பிறந்த காஸுக்குச் சேரும். ஆபத்தும் அதில்தான் இருந்தது. 1858இல் பதினாறு வயது எம்மா லிவ்ரி இதே பாலேயில் சில்ஃபாக அறிமுகமானார். மரீ தாலியோனி தேடி வந்து அவருக்குக் கற்பித்தார், 1860இல் அவருக்காகவே ‘வண்ணத்துப்பூச்சி’ என்று ஒரு பாலேவை உருவாக்கினார். தீப்பிடிக்காதபடி துணியை மருந்தில் தோய்த்து எடுக்கும் முறை அப்போதே வந்துவிட்டது. தோய்த்த துணி விறைத்துக்கொள்ளும், வெண்மையும் மங்கும். லிவ்ரி அதை மறுத்துவிட்டார். சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன், விளைவு என் பொறுப்பு என்று எழுதியும் கொடுத்தார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது பாவாடை வாயு விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாத வேதனைக்குப் பிறகு 1863 ஜூலையில் இறந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. கருகிய உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சில்ஃபுகளும் நம்மைப் போலவே தீயில் எரிவார்கள் என்று பாராசெல்சஸ் எழுதியிருந்ததை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

பாரிஸில் ஃபிலிப்போ தாலியோனியின் பாலே மறைந்துபோயிற்று. 1836இல் ஆகஸ்ட் பூர்னோன்வில் வேறு இசையோடு கோபன்ஹேகனில் அமைத்த வடிவம்தான் இடைவிடாமல் ஆடப்பட்டு இன்றுவரை வந்திருக்கிறது. பிறகு மிகைல் ஃபோக்கின் ஷோபானின் இசைக்கு அமைத்த, கதையே இல்லாத ‘லே சில்ஃபீத்’ 1909இல் பாரிஸுக்கு வந்தது. நிலவொளி, ஒரு கவிஞன், சுற்றிலும் வெள்ளுடைப் பெண்கள், அவ்வளவுதான். இரண்டு பாலேக்களையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புபவர்கள் இன்றும் உண்டு. 1909இல் ஆடியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. அவர் 1928இல் பம்பாய்க்கு வந்தபோது அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். பிறகு ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் பழகினார்கள். ருக்மிணி தேவி பாலே கற்கத் தொடங்கினார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டியதும், அந்தத் தேடல் பரதத்திலும் 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவிலும் போய் நின்றதும் சென்னைக்காரர்கள் அறிந்த வரலாறு. எடையே இல்லாததுபோல் ஆடிய ஒருவர், அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்டி ஆடும் கலையை நோக்கி இன்னொருவரைத் திருப்பிவிட்டிருக்கிறார்.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்று சொல்ல முடியாது. அதிகமாக இருப்பதுதான் சிக்கல். பழைய இலக்கியத்தில் மலையில் வரையரமகளிர், நீரில் நீரரமகளிர், வானில் வானரமகளிர் என்று இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய பாராசெல்சஸைப் போலவே. திருமுருகாற்றுப்படையின் சூரரமகளிர் ஆடுவது சோலையில். வானில் செல்லும் விஞ்சையர் உண்டு; மணிமேகலையில் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அந்தக் குலம், பார்ப்பதற்குச் சில்ஃபைப் போலிருந்தாலும் கையில் வாள் வைத்திருப்பவன். வானரமகளிர் என்று போட்டுவிடலாம் என்று ஒரு மாலை முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் காலையில் படித்தபோது ‘வானர மகளிர்’ என்று கண்ணில் பட்டது. வான் அரமகளிர் குரங்குப் பெண்களாகிவிட்டார்கள். அடித்துவிட்டேன்.

பேச்சுவழக்கில் இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. குழந்தையை அந்தி நேரத்தில் வெளியே தூக்கிப்போனால் ‘காற்று கருப்பு’ அண்டும் என்பார்கள். இங்கே காற்றில் ஓர் ஆவி வாழ்கிறது என்பதல்ல பொருள், காற்றுதான் ஆவி. ஆவி என்ற சொல்லையே பாருங்கள். இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, உயிரும் ஆவி, செத்த பிறகு திரிவதும் ஆவி. வான் ஹெல்மான்ட் கரியிலிருந்து வெளியேறியதற்குப் புதுப்பெயர் தேடித் திண்டாடியபோது தமிழ் தெரிந்திருந்தால் கையிலேயே ஒன்று இருந்திருக்கும். நம் அறிவியல் பாடநூல்கள் அதற்கு வாயு என்ற தேவனின் பெயரையே வைத்துக்கொண்டன. அனுமனின் தகப்பனார் எரிவாயு உருளைக்குள் அடைபட்டிருப்பதில் நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஆனால் காற்று கருப்பு என்று எழுதினால் விடுதிக்கார அம்மாள் பேய் பிடிக்காதவர் என்றுதான் பொருள்படும். கடைசியில் ‘அவர் ஒன்றும் காற்றடித்தால் பறந்துபோகிற ஆள் அல்ல’ என்று எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் ஒரு திருத்தமும் செய்யவில்லை. அந்த அம்மாள் நெடியவர், வலுவானவர், சற்றே முரடு, தன் எல்லைக்குள் அந்நியர் எவரையும் எளிதில் விடாதவர் என்று கதையில் பின்னால் வருகிறது. 1566இல் அச்சான நூலின்படி அவர் அசல் சில்ஃப்.